மெட்டாலிகாவின் ‘72 சீசன்ஸ்’: நீளம் பிரச்சினையா, இரைச்சல் பிரச்சினையா?

ரிஃப்ராஜா:
அமெரிக்க ஹெவி மெட்டல் குழு மெட்டாலிகா ஏப்ரல் 14, 2023 அன்று வெளியிட்ட இந்த ஆல்பத்தில் நல்ல ரிஃப்களுக்கு (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளுக்கு) பஞ்சமில்லை. யாரும் கத்தரி போடவில்லை, அதுதான் குறை. 12 பாட்டு, 77 நிமிஷம். 1986இல் அவர்களுடைய ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ 8 பாட்டோடு 55 நிமிஷத்துக்குள் முடிந்தது. இங்கே 4 நிமிஷத்துக்குள் அடங்குவது ‘லக்ஸ் ஏட்டெர்னா’ மட்டும். ‘ஸ்லீப்வாக் மை லைஃப் அவே’ பாஸ் கிட்டாரும் டிரம்ஸுமாக எழும்பும் தொடக்கம் பிரமாதம், ஆனால் அதே மிதவேகத்தில் ஏறக்குறைய 7 நிமிஷம் ஓட்டுகிறார்கள். அதையும் ‘கிரவுன் ஆஃப் பார்ப்ட் வயர்’, ‘சேசிங் லைட்’ இரண்டையும் எடுத்துவிட்டுக் கேளுங்கள். பத்தொன்பதரை நிமிஷம் குறையும், ஆல்பம் நிமிர்ந்து நிற்கும்.

நாலுகம்பி:
பழைய ஆல்பங்கள் சின்னதாக இருந்ததற்குக் காரணம் ஞானம் இல்லை, எல்பி (வினைல் இசைத்தட்டு). ஒரு பக்கத்தில் 22 நிமிஷத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும்; ஒலி அளவு குறையும், தாழ்ந்த சுருதி ஒலிகளையும் குறைக்க வேண்டி வரும். சிடி பரவியதும் 1988இல் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ 65 நிமிஷத்துக்குப் போய்விட்டது, எல்பியில் அதற்கு இரண்டு தட்டு. அந்த ஆல்பத்தில் பாஸ் காதில் விழவில்லை என்று எல்லாரும் திட்டுகிறோம், நீளம் என்று யார் திட்டினார்கள்?

அப்புறம், 11 நிமிஷம் 10 நொடி ஓடும் ‘இனமோராட்டா’. அவர்களுடைய சொந்த ஸ்டுடியோ ஆல்பங்களிலேயே நீளமான பாட்டு. நடுவில் கிட்டார்கள் அடங்கி ட்ருஹியோவின் பாஸ் முன்னுக்கு வரும் இடத்தைக் கத்தரி வைத்திருப்பவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்?

ரிஃப்ராஜா:
நான் எடுக்கச் சொன்ன மூன்றில் ‘இனமோராட்டா’ இல்லையே, நண்பரே. அது கடைசிப் பாட்டு. அதற்கு முன் 66 நிமிஷம் கேட்டுக் களைத்த காதுக்குத்தான் அந்த பாஸ் வந்து சேருகிறது. இடையில் மூச்சுவிட ஒரு மெதுவான பாட்டுகூடக் கிடையாது.

வாபெடல்:
சோலோ பற்றி யாரும் பேசமாட்டீர்களா? கிட்டாரிஸ்ட் ஹாமெட் காலை வா பெடலிலிருந்து (கிட்டார் ஒலியை ‘வா வா’ என்று நெளிக்கும் மிதி) எடுப்பதே இல்லை. 2016 ஆல்பத்தில் ஒரு பாட்டிலும் எழுதியவர் வரிசையில் பெயர் இல்லாதவர், இதில் திரும்பி வந்திருக்கிறார். ரிஃப்பில் வித்தியாசம் தெரிகிறது, சோலோவில் தெரியவில்லை.

சத்தமானி:
களைப்புக்குக் காரணம் நீளம் இல்லை, மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் செப்பனிடும் கடைசிக் கட்டம்). அதில் லிமிட்டர் என்னும் கருவி ஒலியின் உச்சிகளை நறுக்கிவிட்டுச் சராசரியை மேலே தூக்குகிறது. முதலில் அடிபடுவது ஸ்நேர் டிரம், ஏனென்றால் அதன் உயிர் முதல் சில மில்லிநொடி உச்சியில்தான் இருக்கிறது. 2008இன் ‘டெத் மேக்னெட்டிக்’ ஞாபகம் இருக்கும். கிட்டார் ஹீரோ விளையாட்டுக்குப் போன ட்ராக்குகளில் அந்த நசுக்கல் இல்லாததால், விளையாட்டுப் பதிப்பு சிடியைவிடத் தெளிவாக ஒலித்தது. அப்போது இன்ஜினியராக இருந்த கிரெக் ஃபிடெல்மன்தான் இதில் பாடகர் ஹெட்ஃபீல்ட், டிரம்மர் உல்ரிக்கோடு சேர்ந்து தயாரிப்பாளர். அந்த அளவு கரகரப்பு இப்போது இல்லை. ஆனால் வெர்ஸுக்கும் கோரஸுக்கும் ஒலி உயரத்தில் வித்தியாசம் எங்கே?

இதனால் லாபமும் இல்லை. ஸ்பாட்டிஃபை இயல்பாகவே எல்லாவற்றையும் −14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலி உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவருகிறது. உரக்க மாஸ்டர் செய்த பாட்டை அது இறக்கிவிடும். உரப்பு போகும், தட்டை மிஞ்சும்.

வினைல்வெறியன்:
அதற்குத்தான் எல்பி வாங்கச் சொல்கிறோம். டி.ஆர். மீட்டரில் (உச்சிக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியை அளப்பது) போட்டுப் பாருங்கள், சிடியைவிட எல்பிக்கு எண் கூடத்தான் வரும்.

சத்தமானி:
அந்த எண்ணை நம்பாதீர்கள். உச்சி தட்டையான அதே மாஸ்டரை எல்பியில் வெட்டினாலும், வெட்டும்போதும் ஊசி படிக்கும்போதும் ஃபேஸ் (அலைகளின் நேர ஒழுங்கு) நகர்ந்து அந்தத் தட்டை மேலும் கீழுமாகக் குலையும். மீட்டர் அதை டைனமிக்ஸ் (ஒலியின் ஏற்ற இறக்கம்) என்று கணக்கெடுத்துக்கொள்ளும். லிமிட்டர் தின்ற ஸ்நேர் அடி திரும்பி வராது.

சோதிக்க வேண்டுமானால் இப்படி: இரண்டு பதிப்பிலும் ஒரே 30 நொடியை வேவ் கோப்பாக எடுங்கள், எம்பி3 வேண்டாம், டிகோட் ஆகும்போது அதன் உச்சிகள் மாறும். ஆடாசிட்டி மென்பொருளில் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ போட்டு இரண்டையும் −23 எல்.யு.எஃப்.எஸ். அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதைத் தவிர்த்தால் எது கொஞ்சம் உரப்போ அதுதான் நல்லது என்று காது சொல்லும். பிறகு ஃபூபார்2000 பிளேயரின் ஏபிஎக்ஸில் (எது எதுவென்று தெரியாமல் கேட்டு அடையாளம் காணும் சோதனை) 16 முறை. 12க்குக் கீழே சரியானால் அது ஊகம்தான்.

நாலுகம்பி:
எல்பியை ஏபிஎக்ஸ் செய்வது எப்படி, சார்? ஊசியின் சரசரப்பு முதல் நொடியிலேயே எது எல்பி என்று காட்டிக்கொடுத்துவிடும். 16க்கு 16 வரும், மாஸ்டரிங் பற்றி ஒன்றும் தெரியாது.

சத்தமானி:
சரிதான், ஏபிஎக்ஸ் டிஜிட்டல் பதிப்புகளுக்கு மட்டும்; எல்பிக்கு அலைவடிவம் பார்ப்பதோடு சரி. ஸ்நேர் அடியைப் பெரிதாக்கிப் பாருங்கள், உச்சி பின்னால் வரும் கிட்டாரைவிட எவ்வளவு எழும்புகிறது என்று. சிடிக்கும் எல்பிக்கும் அந்த எழும்பல் ஏறக்குறைய ஒன்றேயானால் மாஸ்டரும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரிஃப்ராஜா:
நீங்கள் சொன்னபடி உரப்பைக் குறைத்துக் கேட்டாலும் ‘சேசிங் லைட்’ 6:45 தான் ஓடுகிறது. 9 பாட்டு வரிசை போடுபவர்கள் ரீப்ளேகெய்னில் (பிளேயரில் உரப்பைச் சமன்செய்யும் வசதி) ‘ட்ராக்’ வைக்காமல் ‘ஆல்பம்’ வையுங்கள், பாட்டுகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கம் அப்படியே நிற்கும்.

நாலுகம்பி:
‘ஆல்பம்’ என்று வைத்துவிட்டு மூன்று பாட்டை எடுப்பீர்களாக்கும். நான் 12ஐயும்தான் கேட்பேன்.