ஆச்சிக்கு 80, கிணத்தடியிலேருந்து மலை

குழு: ஆச்சி வீட்டு ஆளுங்க (சிங்கப்பூர்)

வெள்ளிக்கிழமை

10:41 பிரகாஷ்: (படம்)
10:41 பிரகாஷ்: ஆச்சி ஃபங்ஷனுக்கு பேக்டிராப் படம் எடுத்தாச்சு. பனோரமா. மலை முழுசா வந்திருக்கு
10:43 சரசு அத்தை: நல்லாருக்குப்பா. காலைல சாப்டியா
10:44 அருண்: அத்தான் அந்த மாட்டுக்கு ஆறு காலு
10:44 அருண்: வலது பக்கம் கரண்ட் ஒயரும் துண்டு துண்டா தொங்குது பாருங்க
10:45 பிரகாஷ்: டேய் நீ ஆர்மி கேம்ப்ல இல்லயா
10:45 அருண்: புக் அவுட் பண்ணி வீட்டுக்கு வந்துட்டேன்
10:47 குமார் மாமா: இந்தப் படம் போதுமா. பேனர் கடைக்காரர் திங்கக்கிழமைக்குள்ள கேக்குறார். மலேசியா பக்கம் ஜேபில (ஜோகூர் பாரு) அடிச்சா பாதி விலை
10:48 விஜி அம்மா: ஜேபிக்கு யார் போறது. சனி ஞாயிறு பாலத்துல மூணு மணி நேரம் நிக்கணும்
10:56 சண்முகம் சித்தப்பா: பிரகாஷ் நீ வருத்தப்படாத, ஊருக்குப் போன எடத்துல நேரம் ஒதுக்கி எடுத்ததே பெரிசு. ஆனா போனை இடமிருந்து வலமா இழுக்கிற பனோரமா மோடு இருக்கு பாரு அது ஒரே படம் இல்ல, நீ திரும்பத் திரும்ப மெல்லிசு மெல்லிசா கீத்து மாதிரி எடுத்து அங்கேயே ஒட்டிக்கிட்டே போவும். அதுக்குள்ள மாடு ரெண்டடி நடந்துச்சுன்னா ஒவ்வொரு கீத்துலயும் ஒரு காலு வந்துரும். ஒயரு கிட்டக்க இருக்கு, அதனால உன் கை ஒரு சாண் நகர்ந்தாலும் அது எடம் மாறிடும், மலை கிலோமீட்டர் கணக்குல தள்ளி இருக்கறதால அதுக்கு ஒண்ணும் ஆவாது. ஒரு விரலை மூஞ்சிக்கு முன்னாடி நீட்டி ஒரு கண்ணு மாத்தி ஒரு கண்ணு மூடிப் பாரு, விரல் தாவும், பின்னாடி சுவரு தாவாது. அதேதான் இது
10:57 அருண்: பண்ணிப் பாத்தேன் மாமா. தாவுது
10:58 சரசு அத்தை: எனக்கும்
11:02 குமார் மாமா: அப்ப சாப்பாடு? வெஜ் எத்தனை நான்வெஜ் எத்தனைன்னு கேட்டரிங்ல கேக்குறாங்க
11:03 சரசு அத்தை: ஆச்சி பிறந்தநாளுக்கு நான்வெஜ்ஜா. வேணாம்
11:03 பெரியப்பா: பிரியாணி இல்லாம எங்க சைடு ஆளுங்க வர மாட்டாங்க
11:04 விஜி அம்மா: எங்க சைடு உங்க சைடுன்னு எப்பலேந்து

11:30 திவ்யா: ஆச்சிகிட்ட ஐபேட்ல பெரிசு பண்ணி காட்டினேன். அவங்க சொன்னத அப்படியே டைப் பண்றேன்: "எய்யா பிரகாசு, இது ரோட்டுல நின்னு எடுத்தது. ரோட்டுலேருந்து பாத்தா சின்ன மலை பெரிய மலைக்குள்ள ஒளிஞ்சிக்கிடும். நம்ம கிணத்தடியில நின்னாத்தான் ரெண்டுக்கும் நடுவுல சந்து தெரியும், சாரல் அந்த வழியாத்தான் இறங்கி வரும். எனக்கு அந்தச் சந்து தெரியணும்யா"
11:31 பிரகாஷ்: ஆச்சி அது இப்ப நம்ம வயல் இல்லயே. வாங்கினவங்க வேலி போட்டிருக்காங்க
11:33 சரசு அத்தை: ம்
11:34 சரசு அத்தை: 98ல வித்தப்ப என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா
11:35 பெரியப்பா: சரசு, அப்பா ஆஸ்பத்திரி பில்லு யாரு கட்டுனது. இப்ப எதுக்கு அது
11:35 சரசு அத்தை: நான் ஒண்ணும் சொல்லல
11:36 விஜி அம்மா: எல்லாரும் கொஞ்சம் விடுங்க. ஆச்சி பக்கத்துலதான் இருக்காங்க, திவ்யா வாசிச்சு காட்டிக்கிட்டிருக்கா
11:36 திவ்யா: இல்ல நான் இதெல்லாம் வாசிக்கல
11:52 சண்முகம் சித்தப்பா: அம்மா சொல்றதுதான் ரொம்ப முக்கியம். நாம நிக்கிற எடம் மாறினா எந்த சாப்ட்வேராலயும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கலர் சரி பண்ணலாம் கோணல் சரி பண்ணலாம், ஒளிஞ்சிக்கிட்ட மலையை இழுத்து வெளிய விட முடியாது. திவ்யா, ஆச்சி பீரோல மேல் தட்டுல ஒரு காலண்டர் அட்டை இருக்கும், அத எடு
12:10 திவ்யா: (படம்)
12:10 திவ்யா: இதுவா? அஞ்சு போட்டோ ஒட்டிருக்கு. செல்லோடேப் எல்லாம் மஞ்சளாயிடுச்சு
12:11 பெரியப்பா: அப்பா எடுத்தது. 89 பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப. யாஷிகா
12:11 பெரியப்பா: 36 போட்டோ ரோல்ல அஞ்ச மலைக்கே செலவு பண்ணிட்டாருன்னு அம்மா திட்டுனாங்க. நான் பக்கத்துல இருந்தேன்
12:13 அருண்: அஞ்சும் அஞ்சு கலரா இருக்கே
12:19 சண்முகம் சித்தப்பா: அது அப்பா தப்பு இல்லடா. அப்ப பிரிண்ட் போடற மிஷின் ஒவ்வொரு நெகட்டிவையும் தனித்தனியா பாத்து வெளிச்சம் கலர் எல்லாம் அதுவா கூட்டிக் கொறச்சிரும். வானம் அதிகமா இருக்கிற படத்தை ஒரு மாதிரி, வயல் அதிகமா இருக்கிறத வேற மாதிரி. பக்கத்து பக்கத்துல வச்சா சேராது. ஆனா நல்லா பாரு, ஒண்ணாவது படத்துல வலது ஓரத்துல வேப்பமரம் இருக்கா, ரெண்டாவதுல அதே மரம் இடது ஓரத்துல இருக்கு. ரெண்டாவது வலது ஓரத்துல பம்புசெட் கொட்டாய், அதுவே மூணாவதுல இடது ஓரம். படம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கணும்னு எங்கப்பாவுக்கு யார் சொல்லிக்குடுத்தாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. செம்பவாங் டாக்யார்டுல இரும்புத் தகடு ஒட்டுன மனுசன். நான் பனோரமா கத்துக்கிட்டது இந்த அட்டையப் பாத்துத்தான்
12:21 திவ்யா: பின்னாடி பென்சில்ல 1 2 3 4 5ன்னு எழுதிருக்கு சித்தப்பா
12:21 சண்முகம் சித்தப்பா: தெரியும்மா
12:24 சரசு அத்தை: மூணாவதுல அந்த சந்து தெரியுது
12:25 சரசு அத்தை: பெரிய அண்ணே நிழலும் கீழ விழுந்திருக்கு

12:40 குமார் மாமா: அப்ப இந்தப் பழசையே பெரிசு பண்ணி அடிச்சிரலாமா மச்சான்
12:44 சண்முகம் சித்தப்பா: ஸ்கேன் பண்ணி வைக்கலாம் மாப்ள, வாசல்ல சின்னதா வைப்போம். ஆனா அதெல்லாம் அஞ்சங்குல பிரிண்ட், பத்தடிக்கு இழுத்தா புள்ளி புள்ளியா உடைஞ்சிரும்
12:45 குமார் மாமா: பத்தடியா? நான் ஆறடின்னு சொல்லிட்டேன்
12:45 விஜி அம்மா: சிசி (சமூக மன்றம்) ஹால் மேடை எத்தனை அடி. யாராவது அளந்தீங்களா
12:58 பிரகாஷ்: சித்தப்பா நாளைக்கு காலைல அவங்க வீட்டுல கேட்டுப் பாக்குறேன். என்ன பண்ணணும்னு கரெக்டா சொல்லுங்க
13:20 சண்முகம் சித்தப்பா: சரி கவனமா கேளு. நேரம் காலைலதான், நம்ம ஊருக்கு மலை மேற்க இருக்கு, சூரியன் உன் முதுகுப் பக்கம் இருந்து மலை மேல நேரா விழும். சாயங்காலம் போனா சூரியன் மலைக்குப் பின்னாடி போயிரும், கருப்பா ஒரு சுவரு மாதிரிதான் வரும். போனை நிமித்திப் பிடி, படுக்கப் போடாத, அப்பதான் வானமும் வயலும் வெட்டறதுக்கு எடம் இருக்கும். 1x லென்ஸ், 0.5 வேணாம், அது ஓரத்துல எல்லாத்தையும் இழுத்து விட்டுரும். மலையோட நடுவுல விரலை வச்சு அழுத்திப் புடிச்சா லாக்னு வரும், அதுக்கப்புறம் ஸ்கிரீன தொடாத, தொட்டா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் மாறி வானத்துல பட்டை பட்டையா தெரியும், அந்த அஞ்சு பிரிண்ட் மாதிரியே. இடது கோடியிலேருந்து வலது கோடி வரைக்கும் ஏழு படம். ஒவ்வொண்ணுலயும் முன் படத்துல பாத்ததுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா திரும்ப வரணும்
13:24 சண்முகம் சித்தப்பா: இன்னொண்ணு இதுதான் எல்லாரும் விடற எடம். நீ நின்ன எடத்துல நின்னு உடம்பைத் திருப்பினா போன் உன்னைச் சுத்தி வட்டம் போடும், அதனாலதான் கிட்டக்க இருக்கிற கிணத்துச் சுவரு சேராது. போன் ஒரே புள்ளியில நிக்கணும், நீதான் அதைச் சுத்தி நகரணும். ஒரு நூல்ல நட்டு ஒண்ணு கட்டி லென்ஸுக்கு நேர் கீழ தொங்க விடு, கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி. தரையில ஒரு கல்லு வை. ஒவ்வொரு படத்துக்கும் நட்டு அந்தக் கல்லு மேலேயே நிக்கணும்
13:26 அருண்: மாமா மரினா பேரேஜ்ல அன்னைக்கு நூல் கட்டிக்கிட்டு நின்னது இதுக்குத்தானா. எல்லாரும் பட்டம் விடறீங்கன்னு நெனச்சாங்க
13:26 சண்முகம் சித்தப்பா: அதுக்குத்தான்
13:27 பிரகாஷ்: நட்டுக்கு எங்க போவேன்
13:28 மீனா மைனி: தாலிச் சரடுல சேஃப்டி பின் இருக்கு, ரெண்டு மூணு கோத்து தரேன்

சனிக்கிழமை

9:50 பிரகாஷ்: உள்ள விட்டுட்டாங்க!! அந்த வீட்டு பெரியம்மாவுக்கு ஆச்சிய ஞாபகம் இருக்கு. சிங்கப்பூர்க்காரங்க வீட்டு மருமவன்னா ஒக்காருன்னு சொல்லி மோர் குடுத்தாங்க, மீனாவுக்கு தலையில பூ வச்சு விட்டாங்க
9:51 சரசு அத்தை: மருமவனா. பேரன்னு சொல்லுப்பா
9:51 பிரகாஷ்: சொன்னேன் அத்தை. காது கேக்கல
9:58 பிரகாஷ்: (7 படங்கள்)
10:15 சண்முகம் சித்தப்பா: பாத்தேன். சந்து தெரியுது பிரகாஷ், நல்லா தெளிவா தெரியுது. ஆனா நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல பொதுவா ஒண்ணுமே இல்ல, நீ ஒரேயடியா திரும்பிட்ட. ஹியூகின்னு படம் ஒட்டற சாப்ட்வேர்ல போட்டுப் பாத்தேன், அது ரெண்டு படத்துலயும் ஒரே மாதிரி இருக்கிற புள்ளியத் தேடித் தேடித்தான் ஒட்டும், இங்க தேடறதுக்கே எதுவும் இல்ல. நடுவுல ஓட்டை
10:16 பிரகாஷ்: அந்த நேரத்துலதான் அப்பா கால் பண்ணாரு
10:17 பெரியப்பா: கிணத்துல எறங்கிறாதடான்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். கைப்பிடிச் சுவரு அப்பவே ஆடும்
10:20 சண்முகம் சித்தப்பா: அப்புறம் படமெல்லாம் இங்க சாதாரணமா அனுப்பாத, வாட்ஸ்அப் சுருக்கிடும். டாக்குமென்டா அனுப்பு. ஒரு படம் ஒரிஜினல்ல 3024 பிக்ஸல் அகலம், ஏழும் ஏறி ஒட்டினா ஏறத்தாழ 13,000க்கு மேல வரும், பத்தடி பேனருக்கு அங்குலத்துக்கு நூறு புள்ளி கணக்குல 12,000 வேணும். ஓரம் வெட்டினாலும் போதும். கூட்டம் மேடைக்கு ஆறேழு அடி தள்ளித்தான் ஒக்காரும், அந்தத் தூரத்துக்கு நூறு தாராளம்
10:22 குமார் மாமா: பத்தடின்னா 40 வெள்ளி கூட ஆவும்
10:22 குமார் மாமா: பரவால்ல
10:23 விஜி அம்மா: மேடை அளந்தீங்களா
10:30 பிரகாஷ்: நாளைக்கு காலைல ஒரு தடவ போலாம். மதியம் திருவனந்தபுரம் கிளம்பணும், ராத்திரி ஃப்ளைட்
10:31 சரசு அத்தை: மேகம் இல்லாம இருக்கணும் முருகா
10:33 மீனா மைனி: நாளைக்கு இவர் போனை ஏரோபிளேன் மோடுல போட்டுட்டுத்தான் கிணத்தடிக்கு விடுவேன்

ஞாயிற்றுக்கிழமை

9:20 அருண்: என்னாச்சு
9:21 சரசு அத்தை: ஏரோபிளேன் மோடுல இருக்கான்பா
9:48 மீனா மைனி: கொஞ்சம் மேகம் இருந்துச்சு, ஏழே கால் வரைக்கும் காத்திருந்தோம், அப்புறம் விலகிடுச்சு. ரெண்டு ரவுண்டு எடுத்திருக்கார். பின்னு கல்லு மேலேருந்து நகரவே இல்ல, நான் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தேன்
9:55 பிரகாஷ்: (14 டாக்குமென்டுகள்)
10:02 குமார் மாமா: கேட்டரிங் கடைசியா கேக்குறாங்க, 120ன்னு சொல்லிட்டேன்
10:03 பெரியப்பா: பிரியாணி?
10:03 சரசு அத்தை: வெஜ் பிரியாணி
10:04 பெரியப்பா: அது எப்படி பிரியாணி ஆவும்
11:37 சண்முகம் சித்தப்பா: ஒட்டியாச்சு. ரெண்டாவது ரவுண்டுலதான் மேகம் ஒழுங்கா சேருது. காற்றாலை ஒண்ணு, ரெண்டு படத்துலயும் வேற வேற பக்கம் திரும்பி ஆறு கையா வந்துச்சு, ஒரு படத்துல அத மட்டும் மறைச்சு எடுத்துட்டேன். தட்டையா விரிச்சா ரெண்டு ஓரமும் ரப்பர் மாதிரி இழுபடுது, அதனால உருளையில சுத்தி வச்ச மாதிரி போட்டிருக்கேன், கிட்டக்க இருக்கிற வரப்பு மட்டும் லேசா வளையும், மலை வளையாது. சந்து நடுவுக்குக் கொஞ்சம் வலது பக்கம் வருது, ஆச்சி சேரை அதை மறைக்காம போடணும்
11:38 சண்முகம் சித்தப்பா: (டாக்குமென்டு)
11:40 அருண்: யோ
11:41 விஜி அம்மா: எவ்ளோ பச்சை
11:44 பெரியப்பா: வேப்பமரம் இல்ல
11:45 பிரகாஷ்: வெட்டிட்டாங்கப்பா. அடிக்கட்டை மட்டும் இருக்கு, இடது பக்கம் கீழ பெரிசு பண்ணிப் பாருங்க
11:46 பெரியப்பா: பாத்தேன்
11:52 பெரியப்பா: சரசு, 98ல உன்ன கேட்டிருக்கணும்
12:05 சரசு அத்தை: சரி அண்ணே. சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, அம்மாவும் இருப்பாங்க, மீன் கொழம்பு வைக்கிறேன்
12:20 திவ்யா: ஆச்சிகிட்ட காட்டிட்டேன். ஐபேட்ல இடது ஓரத்துலேருந்து விரலை வச்சு மெதுவா தள்ளிக்கிட்டே போனாங்க, சந்து வந்ததும் விரலை எடுத்துட்டு பேசாம இருந்தாங்க. அப்புறம் திரும்பவும் மொதல்லேருந்து பாத்தாங்க. "கிணறு எங்க இருக்கு"ன்னு கேட்டாங்க
12:21 பிரகாஷ்: கிணத்து மேட்டு மேலதான் நின்னேன் ஆச்சி. அதான் தெரியல
12:23 திவ்யா: சொன்னேன். "அப்ப தாத்தா நின்ன எடம்தான்"னு சொன்னாங்க
12:24 சண்முகம் சித்தப்பா: ஆமா
12:40 குமார் மாமா: கடைக்காரர் திரும்ப கேக்குறார். ஆறடியா பத்தடியா
12:41 விஜி அம்மா: மேடை அளக்க யாரு போறா
12:43 அருண்: நான் எட்டு மணிக்கு கேம்ப்ல இருக்கணும்