ஓயாமல் உழைக்கிறார், கோலை விடுகிறார்: டார்வின் நூன்யெஸை எதை வைத்து எடைபோடுவது?

கார்னர்கொடி (கேள்வி)

உருகுவே ஸ்ட்ரைக்கர் டார்வின் நூன்யெஸ்: இங்கிலாந்து கிளப் லிவர்பூலில் மூன்று சீசன், 95 பிரீமியர் லீக் ஆட்டங்கள், 25 கோல். 2022ல் அவரை வாங்க, பழைய கிளப் பென்ஃபிகாவுக்கு முதலில் கொடுத்ததே 6.4 கோடி பவுண்டு. கூடுதல் நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறினால் 8.5 கோடி வரை போகும் ஒப்பந்தம். அந்த விலைக்கு இந்தக் கோல் கணக்கு போதாது என்பது ஒரு கட்சி. பந்து இல்லாதபோது அவர் ஓடும் ஓட்டத்தாலும், சென்டர்பேக்குகளை (நடுத் தடுப்பாட்டக்காரர்களை) இழுத்துக்கொண்டு போவதாலும்தான் சக தாக்குதல் ஆட்டக்காரர்கள் சலாவுக்கும் டியாஸுக்கும் இடம் கிடைத்தது என்பது எதிர்க்கட்சி.

2023-24ஐ மட்டும் எடுத்தால் லீக்கில் 11 கோல், 8 அசிஸ்ட், தவறவிட்ட பிக் சான்ஸ் (கோலாகியிருக்க வேண்டிய தெளிவான வாய்ப்பு) 27. மூன்றும் ஒரே ஆளுடைய எண்கள். இப்படிப்பட்ட ஸ்ட்ரைக்கரை மதிப்பிடும்போது எந்த எண்ணை நம்பலாம்? ஆட்டத்தைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? "அவர் நல்லவர், இவர் மோசம்" என்று முடிக்காமல் முறையாகச் சொல்லுங்கள்.

தசமப்புள்ளி

முதலில் அந்த 27ஐத் தனியாகத் தூக்கிப் பிடிப்பதை விட்டுவிடலாம். அதே சீசனில் லீக்கிலேயே அதிக பிக் சான்ஸைத் தவறவிட்டவர் மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்ட், 34. 27 கோல் போட்டு, அதிக கோலுக்கான கோல்டன் பூட் வாங்கியவரும் அவரே. தவறவிட வேண்டுமென்றால் முதலில் அந்த இடத்தில் இருக்க வேண்டும். பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னுள்ள பெனால்டி கட்டத்துக்குள்) வராத ஸ்ட்ரைக்கருக்கு இந்தப் பட்டியலில் பெயரே இருக்காது. தவறிய எண்ணிக்கையோடு, மொத்தம் எத்தனை கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

அடுத்தது எக்ஸ்ஜி, அதாவது எதிர்பார்க்கப்படும் கோல். ஷாட் எங்கிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா, எப்படி வந்த பந்தில் என்பதையெல்லாம் வைத்து, அதே மாதிரி ஷாட் பழைய ஆட்டங்களில் எத்தனை முறை கோலானது என்று மதிப்பு கொடுப்பார்கள். பெனால்டிக்கு 0.8க்குச் சற்றுக் கீழே, சராசரி ஷாட்டுக்கு ஏறக்குறைய 0.1. நூன்யெஸுக்கு 2023-24ல் 16க்கு மேல் வந்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும் என்பதால் தசமத்துக்குச் சண்டை வேண்டாம். போட்டது 11. ஐந்து கோல் குறைவு.

இந்த ஐந்து திறமைக் குறைவா, அதிர்ஷ்டக் குறைவா? அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒவ்வொரு ஷாட்டின் மதிப்பையும், 1லிருந்து அதைக் கழித்தால் வருவதோடு பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். நூறு ஷாட்டில் 16 எக்ஸ்ஜி என்றால் ஏறக்குறைய மூன்றரை வரும். அதிர்ஷ்டத்தால் மட்டுமே 16க்கு மேலும் கீழும் அவ்வளவு ஆடலாம். அதாவது சராசரியாக கோல் அடிக்கத் தெரிந்த ஒருவருக்கே 12லிருந்து 20 வரை எது வந்தாலும் வியப்பில்லை. 11 என்பது அந்த எல்லையிலிருந்து ஒரு படி கீழே. சராசரி ஆட்டக்காரர்கள் பதினைந்து பேரை இதே ஷாட்களை அடிக்கவிட்டால் ஒருவருக்காவது இப்படி அமைந்துவிடும். ஆகவே ஒரு சீசனை வைத்து "இவருக்கு ஃபினிஷிங்கே வராது" என்று முத்திரை குத்த முடியாது. மூன்று சீசனும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால்தான் பேச்சே மாறும்.

இன்னொன்று, 2024 ஜனவரி 31 ஆன்ஃபீல்டில் செல்சிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு முறை போஸ்ட்டிலும் பாரிலும் அடித்தார். அதில் ஒன்று பெனால்டி. கணக்கில் அந்த நான்கும் இலக்குக்கு வெளியே போன ஷாட்தான், கேலரிக்குப் பறந்த பந்துக்குச் சமம். சில அங்குலம் தள்ளியிருந்தால் அந்தச் சீசனைப் பற்றிய பேச்சே வேறு.

இடதுகால்

தசமப்புள்ளி சொன்னது சரி, ஆனால் அதிர்ஷ்டத்தின் மேல் பாரத்தை முழுதாகப் போடக் கூடாது. தவறுவதிலும் வகை இருக்கிறது. ஹைலைட்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மிஸ்ஸையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நான்கு இடங்களில் கண் வேண்டும்.

பந்தைத் தொடும் முன் வேகத்தைக் குறைக்கிறாரா என்பது முதலாவது. முழு வேகத்தில் வந்து அடித்தால் ஊன்றும் கால் பந்துக்குப் பின்னாலேயே நின்றுவிடும், உடல் பின்னால் சாயும், பந்து பாருக்கு மேலே போகும். கடைசி இரண்டு அடியைக் குறுக்கி வைப்பவர்களுக்கு ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் விழும். நூன்யெஸின் மிஸ்களில் பெரும்பங்கு இந்த ரகம். அவருடைய பெரிய பலமே வேகம். அதை எங்கே விட வேண்டும் என்பதில்தான் சிக்கல். 2025 பிப்ரவரியில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான 2-2 ஆட்டத்தில் சோபோஸ்லாய் தள்ளிக்கொடுத்த பந்தை, கோல் திறந்து கிடக்கும்போது மேலே அடித்ததை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள்.

இரண்டாவது, முதல் டச் பந்தை எங்கே வைக்கிறது. ஒரு கெஜம் அதிகமாகத் தள்ளினால் கீப்பர் முன்னே வந்து கோணத்தை மூடிவிடுவார். எக்ஸ்ஜியில் இது சரியாகத் தெரியாது. ஷாட் அடித்த இடத்திலிருந்துதான் அந்தக் கணக்கு தொடங்குகிறது. டச் கெட்டு ஷாட்டே வராமல் போனால் அது கணக்கிலேயே ஏறாது.

மூன்றாவது, முடிவு எடுக்கும் நேரம். கீப்பரோடு ஒற்றைக்கு ஒற்றையாக ஓடும்போது நேரம் அதிகம் கிடைக்கிறது. அங்கேதான் மனம் மாறி மாறி, கடைசியில் கீப்பரின் உடம்பிலேயே அடிப்பது. அதே ஆள் யோசிக்க நேரமில்லாத க்ராஸில் முதல் டச்சிலேயே அழகாகப் போடுவார். இந்த வித்தியாசம் தெரிந்தால் பிரச்சினை காலில் இல்லை, தேர்வில் என்று புரியும். தேர்வைப் பயிற்சியால் கொஞ்சம் திருத்தலாம்.

நான்காவது, எப்போதும் பலமாகவே அடிக்கிறாரா என்பது. ஷாட்டுக்குப் பிந்தைய எக்ஸ்ஜி என்று ஒன்று உண்டு. பந்து கோலின் எந்த மூலைக்குப் போனது என்று பார்த்து மதிப்பிடுவது. முந்தைய எக்ஸ்ஜியைவிட இது தொடர்ந்து குறைவாக வந்தால் அடி சரியில்லை என்று அர்த்தம். இரண்டும் சமமாக இருந்தும் கோல் வரவில்லை என்றால் எதிர் கீப்பர்களைப் பாராட்டிவிட்டு நகரலாம்.

முதல்தடுப்பு

"உழைப்பாளி" என்ற சொல்லையும் இதே கறாரோடு பார்க்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் ஓடினார் என்பது உழைப்புக்கு அளவுகோல் ஆகாது. அணி பந்தை வைத்திருக்காத நாளில் எல்லோருமே அதிகம் ஓடுவார்கள். மணிக்கு 25.2 கிலோமீட்டருக்கு மேல் போனால் ஸ்பிரிண்ட் என்று பொதுவாகக் கணக்கு வைக்கிறார்கள். அந்த எண்ணும் எதற்காக ஓடினார் என்று சொல்லாது.

பிரஸ்ஸிங்கில், அதாவது பந்து வைத்திருக்கும் எதிராளியை நெருக்குவதில், மூன்று கேள்வி. வளைந்து ஓடுகிறாரா? சென்டர்பேக்கை நோக்கி நேர்கோட்டில் பாய்ந்தால் அவர் பக்கத்திலிருக்கும் இன்னொரு சென்டர்பேக்குக்குச் சும்மா தட்டிவிடுவார். வளைந்து வந்தால் அந்தப் பாஸ் முதுகுக்குப் பின்னால் மறைந்து, பந்து ஓரத்துக்குத்தான் போக முடியும். கிளம்பும் நேரம் சரியா? எதிராளியின் டச் கெட்ட கணத்திலோ பின்னால் பாஸ் போகும்போதோ கிளம்ப வேண்டும். பின்னால் மிட்ஃபீல்டர்கள் கூடவே ஏறி வருகிறார்களா? தனியாள் ஓட்டம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரே பாஸில் அதைத் தாண்டிவிடுவார்கள், நடுவில் பள்ளம் விழும்.

கோல் இல்லாமலேயே ஒரு ஸ்ட்ரைக்கர் எவ்வளவு தர முடியும் என்பதற்கு 2018 உலகக் கோப்பையில் ஃபிரான்ஸின் ஸ்ட்ரைக்கர் ஜிரூ உதாரணம். 546 நிமிடம் ஆடினார், இலக்கை நோக்கி ஒரு ஷாட்கூட இல்லை, ஃபிரான்ஸ் சாம்பியன். இரண்டு சென்டர்பேக்குகளை முதுகில் தாங்கி நின்றதும் மேலே வந்த பந்துகளைக் கீழே இறக்கியதும் அவர் வேலை. எம்பாப்பேவும் கிரீஸ்மனும் ஆளுக்கு 4 கோல். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது, பக்கத்தில் கோல் போட அந்த இருவர் இருந்தார்கள். லிவர்பூலில் சலா இருந்ததால்தான் நூன்யெஸின் மிஸ்களைத் தாங்க முடிந்தது. அதே ஆளை, வேறு யாருமே கோல் போடாத அணியில் நிறுத்தினால் தீர்ப்பு மாறியே ஆக வேண்டும்.

கார்னர்கொடி

அருமை, மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் பாக்கி. வில்லா ஆட்டத்துக்குப் பிறகு அன்றைய லிவர்பூல் பயிற்சியாளர் ஸ்லாட் வெளிப்படையாகவே சொன்னாரே: மிஸ் ஆனதை ஏற்றுக்கொள்ளலாம், அதற்குப் பிறகு வழக்கமாக உழைக்கும் டார்வினாக அவர் இல்லை, அதைத்தான் ஏற்பது கடினம் என்று. அதை எங்கே வைப்பது?

இடதுகால்

முதல் இடத்தில். இப்படிப்பட்ட ஆட்டக்காரரை அணியில் வைத்திருப்பதற்கான காரணமே மிஸ்ஸுக்குப் பிறகும் தளராத ஓட்டம்தான். மிஸ்ஸுக்கு அடுத்த பத்து நிமிடத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். பந்து பறிபோனதும் திரும்பி ஓடுகிறாரா, மறுபடி அதே இடத்துக்கு ஓட்டம் எடுக்கிறாரா, இல்லை பந்தே வராத பக்கம் ஒதுங்குகிறாரா? இரண்டாவது வாய்ப்புக்கு ஓடாதவரைக் காக்க எந்த எக்ஸ்ஜியும் வராது.

தசமப்புள்ளி

நிமிடக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024-25ல் 30 லீக் ஆட்டங்களில் இறங்கினார், தொடக்கத்திலிருந்து ஆடியது 8ல்தான். "30 ஆட்டத்தில் 5 கோல்" என்று எழுதினால் அது நியாயமில்லை, 90 நிமிடத்துக்கு எத்தனை என்று மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். மாற்று ஆளாக வரும்போது எதிராளிகள் களைத்திருப்பார்கள், அந்தச் சலுகையையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

முதல்தடுப்பு

அந்தச் சலுகையைத்தான் நான் பயன்படுத்தச் சொல்வேன். 2023 ஆகஸ்டில் நியூகாசிலில், வான் டைக் சிவப்பு அட்டை வாங்கிப் பத்துப் பேரோடு 0-1 பின்தங்கியிருந்தபோது 77வது நிமிடத்தில் வந்து இரண்டு கோல். 2025 ஜனவரியில் பிரென்ட்ஃபோர்டில் 90 நிமிடம் முடிந்து சேர்த்த நேரத்தில் இரண்டு. எதிரணி களைத்து, பின்னால் இடம் திறக்கும் கடைசி அரை மணி நேரம் அவருடையது. பாக்ஸை அடைத்துக்கொண்டு பத்துப் பேர் நிற்கும் ஆட்டத்தில் முதல் நிமிடத்திலிருந்து நிறுத்தினால், ஓட இடமில்லாமல் அவர் பலம் பாதியாகிவிடும். அங்கே, லிவர்பூலில் அவரோடு ஆடிய ஜோட்டா மாதிரி, சின்ன இடத்தில் திரும்பி அடிக்கிறவரை முதலில் இறக்கிவிட்டு, இவரை அறுபதாவது நிமிடத்துக்கு மேல் எடுப்பேன்.