காரைக்குடிக் கடையில் ஓர் ஐரோப்பியப் பிரபு: அசல் செப்புத்தகட்டு அச்சா?

பட்டாலை:
முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடையில் சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. நீள்வட்டத்துக்குள் சுருள்முடிப் பிரபு, கீழே பீடம், குலச்சின்னம், லத்தீன் எழுத்து. அசல்தானா? முகத்தைச் சுற்றி ஏன் இவ்வளவு வேலைப்பாடு?

செப்புத்தகடு:
சட்டத்தைக் கழற்றாமல் விலை பேசாதீர்கள். பத்து மடங்கு லென்சில் புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தால் பிற்காலப் பத்திரிகை அச்சு. செப்புத்தகட்டில் உளியால் வெட்டிய கோடு நுனியில் ஊசியாக மெலிந்து நடுவில் தடிக்கும். அமிலம் அரித்த கோட்டுக்கு நுனி மழுங்கியிருக்கும். தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றி இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் தள்ளிவிட வேண்டாம், ஓரத்தை வெட்டி ஆல்பத்தில் ஒட்டுவது அன்றைய சேகரிப்பாளர் வழக்கம்.

வளவு:
நம் வீட்டு முகப்பில் கஜலட்சுமியும் சுதை வேலையும் செய்வதைத்தான் அந்தப் பீடமும் குலச்சின்னமும் செய்கின்றன. ஆளைப் பார்க்குமுன்பே அவர் தரம் தெரிந்துவிடும். இதற்குப் பிரெஞ்சுச் செதுக்குக் கலைஞர் லோம்பார்ட்டின் தகட்டைவிட நல்ல சான்று கிடையாது. ஓவியர் வான் டைக் தீட்டிய இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் குதிரைப் படத்தைத் தழுவி அவர் செதுக்கிய ஒரே தகட்டில் சார்லஸை வீழ்த்திய கிராம்வெல், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, சார்லஸ் தலைகள் மாறி மாறி ஏறின. குதிரையும் கவசமும் அப்படியே நின்றன. தலையை மாற்ற, பழைய கோடுகளைச் சுரண்டி, மெருகுக்கோலால் தேய்த்து, பின்பக்கம் சுத்தியலால் தட்டிச் சமன் செய்வார்கள். சமன் சரியாக வராவிட்டால் பள்ளத்தில் மை தங்கி, தலையைச் சுற்றிக் கறை விழும். அந்த இடத்தை லென்சில் பாருங்கள்.

பட்டாலை:
லத்தீனில் 'பின்க்சிட்', 'ஸ்கல்ப்சிட்' என்று இருக்கிறது. தோள்பட்டை நாடா இடத் தோளிலிருந்து வல இடுப்புக்கு இறங்குகிறது.

வளவு:
முதலாவது தீட்டியவர், இரண்டாவது செதுக்கியவர். 'அட் விவும்' என்றிருந்தால் ஆளை நேரில் பார்த்து வரைந்தது. பிரெஞ்சு உருவப்படச் செதுக்குநர் நாந்தேய் பெருமையோடு போட்டுக்கொண்டது அதைத்தான். நாடாதான் முக்கியம், எந்த நாட்டு விருது என்று அது சொல்லும். இங்கிலாந்தின் பிரபுக்களுக்கான கார்ட்டர் விருதின் நாடா இடத் தோளில் தொடங்கும், பிரான்சின் பரிசுத்த ஆவி விருதின் நாடா வலத் தோளில். ஆனால் அச்சில் இடம் வலம் மாறும். செதுக்குபவர் மூலப்படத்தைத் திருப்பி வரையாவிட்டால் பிரெஞ்சுப் பிரபுவுக்கும் நாடா இப்படித்தான் விழும். வாள் எந்த இடுப்பில் இருக்கிறது? வல இடுப்பில் என்றால் படமே திரும்பியிருக்கிறது.

செப்புத்தகடு:
வாங்கினால் பின்பக்கப் பலகையை உடனே எடுத்துவிடுங்கள். மரத்தின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். சுண்ணாம்புச் சுவரில் ஒட்டி மாட்டாமல் ஒரு விரற்கடை இடைவெளி விடுங்கள்.