கேம்பிட்டுக்குத் தமிழ்: தூண்டிலா, காலிடறியா?

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிச் சதுரங்க வகுப்புக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘கேம்பிட்’ என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன்: ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு காயைக் கொடுத்து ஆதாயம் தேடுவது. பிள்ளைகள் இணையத்தில் ஒரு நிமிட ஆட்டம் ஆடுகிறார்கள். கறுப்பு கிடைத்தால் ஸ்டாஃபோர்டு கேம்பிட்தான். கறுப்புக்கு ஒரு சிப்பாய் நட்டம், அதற்கு ஈடாக உருப்படியாக ஒன்றும் இல்லை. கணினியைக் கேட்டால் வெள்ளையின் கைதான் ஓங்கியிருக்கிறது என்கிறது. ஆனால் வெள்ளை அவசரத்தில் பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுபோய்க் கறுப்பின் குதிரையைக் கட்டினால் (அது நகர்ந்தால் பின்னாலிருக்கும் ராணி போகும்), அந்தக் குதிரை ராணியை விட்டுவிட்டு இ4 சிப்பாயை வெட்டும். வெள்ளை ராணியை எடுக்கும். எஃப்2-வில் கறுப்பின் ஒரு பிஷப் செக், ஜி4-ல் இன்னொன்று மேட். எட்டே நகர்த்தல்!

பலகையில் தேறாது, கடிகாரத்தில் தேறும். கேம்பிட்டுக்கும், அதில் இந்த வகைக்கும் ஒரு பெயர் வேண்டும்.
— தென்காசி ஆசிரியை

அம்மா, வேரிலிருந்து தொடங்குவோம். இத்தாலிய மொழியில் ‘காம்பா’ என்றால் கால். ‘காம்பெத்தோ’ என்றால் காலை இடறிவிடுதல். ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபஸ் 1561-இல் எழுதிய சதுரங்க நூலில் இதைக் கலைச்சொல் ஆக்கினார். காலை வாருவது நமக்குத் தெரியாத கலையா? ‘காலிடறி’ என்க. மண்வெட்டி போல இகர விகுதி பெற்ற கருவிப்பெயர். காயைக் கொடுப்பதால் ‘பலி’ என்று யாராவது சொன்னால் வேண்டாம், அது வடசொல்.
— தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, பலி சங்கப் பாட்டிலேயே வந்துவிட்டதே! அதை விடுங்கள். இந்த ஆட்டத்தில் பாதி நேரம் இடறி விழுகிறவர் போட்டவரேதான். எனக்குத் ‘தூண்டில்’ பிடிக்கிறது. ‘வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்று 931-ஆம் குறளில் வள்ளுவர் சூதைப் பாடியது ஒரு நிமிட ஆட்டத்துக்கும் பொருந்தும். இன்னொன்று: நாங்கள் ‘கம்பிற்’ என்றுதான் எழுதுவோம். ‘ட்’ போட்டு ஏன் வன்மையாக்குகிறீர்கள்?
— யாழ்ப்பாணத்திலிருந்து

ற், ட் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, தயவுசெய்து அங்கே போங்கள்.

நான் பயிற்சியாளன், தமிழ்ப் புலவன் அல்லன். இரண்டு விஷயம். ஒன்று, கேம்பிட்டை ஏற்கலாம், மறுக்கலாம். குவீன்ஸ் கேம்பிட்டுக்கு இரண்டு பெயரும் உண்டு. ‘ஏற்ற காலிடறி’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. ‘தூண்டிலைக் கடித்தான், கடிக்கவில்லை’ என்றால் உடனே புரியும். இரண்டு, ஸ்டாஃபோர்டில் கொடுத்த சிப்பாய் தூண்டில் இல்லை, பிறகு விடுகிற ராணிதான் இரை. அது பொறி. எங்லண்டு கேம்பிட்டும் அப்படித்தான்: கறுப்பு ராணி பி2-வை வெட்டிய பிறகு வெள்ளை குதிரையை சி3-க்கு எடுத்தால் ஆபத்தில்லை, அங்கே பிஷப்பை வைத்தால் கதை முடிந்தது. கேம்பிட் வேறு, பொறி வேறு. கையேட்டில் இரண்டையும் கலக்காதீர்கள், அம்மா.
— கோவை

சரி, தூண்டிலே இருக்கட்டும், அரை மனதாக. ஆனால் ‘தேறாத தூண்டில்’ என்று நீட்டாதீர்கள். ‘தேறாத் தூண்டில்’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும். ‘ஓடாக் குதிரை’ இலக்கண வகுப்பில் படித்ததுதானே? சதுரங்கத்துக்கும் ஆயிற்று.
— தஞ்சை

தேறா என்றால் பரீட்சையில் ஃபெயில் ஆன நினைவுதான் வருகிறது. ‘ஓட்டைத் தூண்டில்’ என்றால் என்ன?
— சென்னை, கல்லூரி மாணவன்

தம்பி, தூண்டிலில் ஓட்டை எங்கே வரும்? அது வலைக்கு.
— யாழ்ப்பாணத்திலிருந்து

எல்லோருக்கும் நன்றி. கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. முதல் இடத்தில் மட்டும் ‘தூண்டில் (கேம்பிட்)’, மற்ற இடங்களில் தூண்டில். ‘தேறாத் தூண்டில்’ ஒரே ஒரு தலைப்பில், ஒற்றுடன். இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒரு பையன், “அப்போ ஸ்டாஃபோர்டு போடக்கூடாதா மிஸ்?” என்றான். மூன்று நிமிடத்துக்கு மேல் கடிகாரம் இருந்தால் போடாதே என்றேன். “எனக்கு எப்பவும் ஒரு நிமிஷம்தான்” என்றான்.
— தென்காசி ஆசிரியை

மகிழ்ச்சி, அம்மா. என் வீட்டுப் பேரனுக்கு மட்டும் அது காலிடறிதான்.
— தஞ்சை