1966 மஸ்டாங் காரில் செயற்கைக்கோள் வானொலி: ஆன்டெனாவை எங்கே வைப்பது?

அனைவருக்கும் வணக்கம். என்னிடமுள்ள 1966 ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்ட்டிபிளில் அக்காலத்து ஏ.எம். ரேடியோ இன்றும் தெளிவாகப் பாடுகிறது. குரோம் குமிழ்கள் கொண்ட அந்த முகப்பை வெட்டி வேறொன்றைப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை. அதில் எஃப்.எம். இல்லாததால், நான் பொருத்த விரும்பும் சிரியஸ் எக்ஸ்எம் (செயற்கைக்கோள் வானொலிச் சேவை) பெட்டியின் ஒலியை எஃப்.எம். வழியாக அனுப்பவும் இயலாது. ஆகவே பெட்டியை கிளவ் பாக்ஸுக்குள் மறைத்து, இருக்கைக்கு அடியில் சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வைக்க எண்ணியுள்ளேன். கார் 12 வோல்ட் என்பதால் மின்சாரத்தில் சிக்கலில்லை.

கவலையெல்லாம் ஆன்டெனாவைப் பற்றியதுதான். செயற்கைக்கோளின் 2.3 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பெற, அதற்கு வானம் தடையின்றித் தெரிய வேண்டும். ஆனால் காந்த அடி கொண்ட ஆன்டெனா துணிக்கூரையில் நிற்காது, டிக்கி மூடியில் வைத்தாலோ பெயின்டில் கீறல் விழுமென்று அஞ்சுகிறேன். முன்கண்ணாடிக்கு உட்புறம், டேஷ்போர்டின் மேல் வைத்தால் சிக்னல் சீராகக் கிடைக்குமா? இதே வகைக் காரில் செய்து பார்த்தவர்கள், ஒயரை எவ்வழியாக இழுத்தீர்கள் என்பதையும் படத்துடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.