'குறுக்குத் தாக்கம்' வேண்டாம், 'மாறிப்பிணைதல்' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நம் மருத்துவக் கலைச்சொல் விவாதத்தில், கிருமியைப் பற்றிக்கொள்ள உடல் உண்டாக்கும் புரதத்துக்கு (antibody) வைத்த 'பிறபொருளெதிரி' பற்றி இனியும் பேசத் தேவையில்லை. இலங்கைப் பாடநூல் படித்த பிள்ளைகளுக்கு அது பழகிய சொல். தமிழ்நாட்டவர் 'எதிர்ப்பொருள்' என்று எழுதினாலும் நமக்கு விளங்கும். ஒரு கிருமிக்கென உண்டான பிறபொருளெதிரி வேறொரு கிருமியின் பொருளையும் பற்றிக்கொள்வதை (cross-reaction) 'குறுக்குத் தாக்கம்' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மூளையழற்சிக்கான குருதிப் பரிசோதனையில் நடப்பதைப் பாருங்கள். எலைசா (ELISA) என்னும் நிறமாற்றச் சோதனைத் தட்டின் குழியடியில், தொற்றின் தொடக்கத்தில் தோன்றும் பிறபொருளெதிரி வகையான மனித ஐஜிஎம்மைப் (IgM) பிடிக்கும் இன்னொரு பிறபொருளெதிரி பூசப்பட்டிருக்கும். நோயாளியின் சீரத்தை (குருதியிலிருந்து பிரித்த தெளிநீரை) விட்டதும் அதிலுள்ள ஐஜிஎம் அங்கே தங்கிவிடும். அடுத்து, யப்பானிய மூளையழற்சி வைரசின் பிறபொருளெதிரியாக்கியை (antigen) விடுகிறோம். ஐஜிஎம் அதைப் பற்றிக்கொண்டால், நொதியம் இணைத்த இன்னொரு பிறபொருளெதிரியும் வந்து ஒட்டும்; குழி நிறமேறும். சிக்கல் இங்கேதான். டெங்கு வைரசும் இதே ஃபிளாவிவைரஸ் குடும்பம். டெங்கு வந்தவரின் ஐஜிஎம்மும் இதைப் பற்றிக்கொள்ளக்கூடும். கொழும்பில் டெங்கு ஓய்வதே இல்லை. ஆகவே சீரக்குழியின் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. டெங்குவுக்கும் சேர்த்துச் சோதிக்க வேண்டும், முள்ளந்தண்டிலிருந்து எடுத்த நீரிலும் ஐஜிஎம் தேட வேண்டும்.

இரசாயனப் பாடத்தில் reaction என்பதற்கு 'தாக்கம்' மிகச் சரி. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் தாயிடம் 'டெங்குவின் குறுக்குத் தாக்கம்' என்ற அறிக்கையைக் கொடுத்தால், பிள்ளையின் மூளையை டெங்குவும் தாக்கிவிட்டது என்றுதான் வாசிப்பார். அந்தப் பதற்றத்தை ஒரு சொல் உண்டாக்கக் கூடாது. ல, ள, ழ போல ஒலியால் குழப்பும் எழுத்துகளைக் குறிக்கும் 'மயங்கொலி'யைப் பின்பற்றி நம் விவாதத்தில் ஐயா ஒருவர் முன்வைத்த 'மயங்குபிணைப்பு' அருமையான ஆக்கம். எனினும் நினைவு தடுமாறிக் கிடப்பவரின் அறிக்கையில் 'மயங்கு' வேறு பொருளே தரும்.

'மாறிப்பிணைதல்' என்பது என் பரிந்துரை. கோயில் வாசலில் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்கிறோமே, அந்த 'மாறி'. கணிதத்து 'மாறி'யோடு (variable) குழம்பும் என்று சிலர் சொல்லலாம். 'ப்' என்ற ஒற்று மிகுவதால் இது வினையெச்சம் என்பது தெளிவு. ஒற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். வினையாகவும் எளிதில் இயங்குகிறது: 'சீரத்தில் ஐஜிஎம் உண்டு. டெங்குப் பிறபொருளெதிரி மாறிப்பிணைந்திருக்கலாம். நடுநிலையாக்கச் சோதனை தேவை.' (பிறபொருளெதிரி எந்த வைரசை முடக்குகிறது என்று பார்ப்பதே நடுநிலையாக்கச் சோதனை.)

ஆய்வுகூடத்தில் பணிபுரிவோர் இந்த மூன்று வரியையும் தங்கள் அறிக்கையில் வைத்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள். தடுப்பூசியால் தோன்றும் ஐஜிஎம்முக்கும் ஒரு சொல் வேண்டும். அதைத் தனி மடலில் எடுப்போம்.