15,000 ரூபாய்க்குள் ஃபோனோ ப்ரீஆம்ப்: எதை வாங்கலாம்?

கும்கி_கோவை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா சேர்த்து வைத்த எல்பி தட்டுகள் ஒரு மரப்பெட்டி நிறைய வீட்டில் இருக்கின்றன. பாதி சினிமாப் பாட்டு, மீதி நாதஸ்வரமும் கச்சேரிகளும். அவற்றைக் கேட்பதற்காகவே கைமாறிய டர்ன்டேபிள் ஒன்று வாங்கினேன். கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சிக்னலாக்கும் பாகம்) ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ. அந்த மெலிந்த சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் டர்ன்டேபிளுக்குள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து நேராக பவர்டு ஸ்பீக்கருக்கு (உள்ளேயே ஆம்ப் இருக்கும் ஸ்பீக்கர்) போகிறது.

பாட்டு மெலிந்து கேட்கிறது. வால்யூமை முக்கால்வாசி திருப்பினால்தான் கூடம் நிறைகிறது, அப்போது பின்னால் 'உஸ்' என்று இரைகிறது. மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் வரும் கும்கி எனக்கு உயிர். அது அடங்கிப்போய்க் கேட்கிறது. அப்புறம், ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு வந்தால் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் பொரிகிறது.

தனி ப்ரீஆம்ப் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஐஃபை ஸென் ஃபோனோ, ஷீட் மானி 2, ஏஆர்டி டிஜே ப்ரீ 2 ஆகியவற்றைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வரும்போது வாங்கி வருவதாகச் சொல்கிறார். 15,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது. எதை வாங்கச் சொல்லட்டும்?

வட்டத்தட்டு:

என்னிடம் ஸென் ஃபோனோ இருக்கிறது, மனநிறைவாகக் கேட்கிறேன். பெருக்கத்துக்கு 36, 48, 60, 72 டெசிபல் என்று நான்கு நிலை. பின்னாளில் இன்னும் மெலிந்த சிக்னல் தரும் எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜுக்கு மாறினாலும் இதையே வைத்துக்கொள்ளலாம். பணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, இதற்கே போங்கள்.

தஞ்சை_ஆம்ப்:

தம்பி, அண்ணனிடம் சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஊசியைத் தட்டில் வைக்காமல் டோன்ஆர்மை (ஊசியைத் தாங்கும் கை) தூக்கியபடியே விட்டு, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வையுங்கள். 'உஸ்' கேட்கிறதா? அடுத்து ஸ்பீக்கருக்கு வரும் ஒயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். ஒயர் இல்லாமலும் அதே இரைச்சல் இருந்தால் அது ஸ்பீக்கருடையது. எந்த ப்ரீஆம்ப் வாங்கினாலும் போகாது. கழற்றியதும் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப்தான் காரணம்.

ஆனால் கடைசிப் பாட்டில் பொரிவது வேறு சங்கதி. பெரும்பாலும் அது ப்ரீஆம்பிலிருந்து வருவதில்லை. தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் வினாடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிள் பக்கம் வரும்போது அது 21 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். வெளியே தாராளமாகப் பரந்து கிடந்த அதே 'ஸ', உள்ளே பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு கிடக்கிறது. தேய்ந்த முனையால் அந்த நெளிவுக்குள் இறங்க முடியாது. கைமாறி வந்த டர்ன்டேபிள் என்கிறீர்கள். அந்த ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாருக்குத் தெரியும்? விஎம்95இ-யில் இருக்கும் நீள்வட்ட முனைக்கு ஆடியோ டெக்னிக்கா சொல்லும் ஆயுள் ஏறக்குறைய 300 மணி நேரம். தேய்ந்த ஊசி அப்பாவின் தட்டுகளையும் சுரண்டிவிடும். சுரண்டிய தட்டை எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது. அதனால் முதல் செலவு ஊசிக்கு. கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டாம், விஎம்என்95இ என்று ஊசி மட்டும் தனியாகக் கிடைக்கும். முன்பக்கம் இழுத்தால் கழன்று வரும். கை தாராளமாக இருந்தால் அதே உடலில் மைக்ரோலீனியர் முனையான விஎம்என்95எம்எல் பொருந்தும். அது 1,000 மணி நேரம் வரை வரும், கடைசிப் பாட்டிலும் நன்றாக நிற்கும்.

ஊசியை மாற்றியதும் அது தட்டில் அழுத்தும் எடையையும் பாருங்கள். 1.8 முதல் 2.2 கிராம் வரை போகலாம், 2 கிராம் வைத்தால் சரி. அதற்கான சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்தான்.

கும்கி_கோவை:

ஐயா, சொன்னபடியே பார்த்தேன். ஊசியைத் தூக்கி வைத்தாலும் இரைச்சல் இருக்கிறது. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றியதும் சுத்தமாக நின்றுவிட்டது. அப்படியென்றால் ப்ரீஆம்ப் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது, சரிதானே? புது ஊசியும் வாங்கிவிடுகிறேன். மீதிப் பணத்தில் எது? இன்னொன்றும் கவனித்தேன்: நெளிந்த தட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் கூம்பு தானாக முன்னும் பின்னும் ஆடுகிறது.

தஞ்சை_ஆம்ப்:

சரி, இப்போது தைரியமாக வாங்கலாம். உங்கள் மூன்றில் நான் டிஜே ப்ரீ 2 பக்கம். வட்டத்தட்டு சொன்ன பெட்டியும் நல்ல பெட்டிதான், ஆனால் எம்சிக்கான பெருக்கத்துக்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

நான் அதைச் சொல்லக் காரணம் அதிலுள்ள ஒரு சின்ன சுவிட்ச். உள்வாங்கும் மின்தேக்கத்தை (கபாசிட்டன்ஸ்; கார்ட்ரிட்ஜின் உயர்ந்த சுரங்களை இது மாற்றும்) 100 அல்லது 200 பிக்கோஃபாரட் என்று மாற்றலாம். விஎம்95இ கேட்பது மொத்தம் 100 முதல் 200 வரை. அந்த மொத்தத்தில் டோன்ஆர்மின் உள் ஒயரும் வெளி ஒயரும் சேர்த்தி. சாதாரண ஆர்சிஏ ஒயர் மீட்டருக்கு 100 அளவில் வந்துவிடும். எனவே சுவிட்சை 100-இல் வையுங்கள், ஒயர் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இந்த கார்ட்ரிட்ஜின் சுருளுக்குத் தூண்டல் (இண்டக்டன்ஸ்) 550 மில்லிஹென்றி. மொத்தம் 200 பிக்கோஃபாரட் என்றால் இரண்டும் சேர்ந்து எழுப்பும் மேடு (ஒலி தூக்கலாகிவிடும் இடம்) 15 கிலோஹெர்ட்ஸ் பக்கம் விழும். 400 ஆகிவிட்டால் அது 11-க்குக் கீழே இறங்கி வந்துவிடும். பொரிகிற 'ஸ'வுக்கு அது இன்னும் எண்ணெய் ஊற்றும். ஆயிரக்கணக்கில் விலையுள்ள பெட்டியையும் தப்பான ஒயர் கெடுத்துவிடும்.

சத்தம் மெலிந்திருப்பதற்குக் கணக்கு எளிது. கார்ட்ரிட்ஜ் தருவது 4 மில்லிவோல்ட். 36 டெசிபல் பெருக்கினால் கால் வோல்ட், 42 என்றால் அரை வோல்ட். சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தரும். டிஜே ப்ரீ 2-இல் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகுமிழ் இருக்கிறது, தட்டின் உரத்த இடத்தில் கரகரப்பு வராத அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

கூம்பு ஆடுவது தட்டின் நெளிவால் வரும் காதுக்கெட்டாத அலைவு. ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொதுவான பதிவு முறைப்படி தட்டில் வெட்டும்போது தாழ்ந்த சுரத்தைக் குறைத்து வெட்டுகிறார்கள். ப்ரீஆம்ப் அதை 20 ஹெர்ட்ஸ் அளவில் கிட்டத்தட்ட 20 டெசிபல் தூக்கிக் கொடுக்கிறது. நெளிவும் அதோடு சேர்ந்து தூக்கப்படும்.

வட்டத்தட்டு:

அதற்குத்தானே அந்த அடிமட்ட அலைவை வெட்டும் லோ கட் பொத்தான், டிஜே ப்ரீ 2-இலும் இருக்கிறது. ஆனால் எப்போதும் போட்டு வைக்காதீர்கள். உங்களுக்குக் கும்கி முக்கியம் என்கிறீர்கள்; நெளிந்த தட்டுக்கு மட்டும் அழுத்துங்கள், மற்ற நேரம் எடுத்துவிடுங்கள். எம்சிக்குப் போகும் எண்ணம் இல்லையென்றால் ஐயா சொல்வதுதான் சரி.

தஞ்சை_ஆம்ப்:

இன்னும் இரண்டு விஷயம். டர்ன்டேபிளின் பின்னால் ஃபோனோ, லைன் என்று சுவிட்ச் இருக்கும். புதுப் பெட்டியை மாட்டியதும் அதை ஃபோனோவுக்குத் தள்ளுங்கள். லைனிலேயே விட்டால் உள் ப்ரீஆம்பும் வேலை செய்யும்; அந்த ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தம் இரண்டு முறை நடந்து, ஒலி குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் உருண்டு உடையும். டர்ன்டேபிளில் பூமி ஒயர் இருந்தால் அதையும் பெட்டியின் திருகில் கட்டிவிடுங்கள், 50 ஹெர்ட்ஸ் 'உம்ம்' அடங்கும்.

அண்ணன் வாங்குவது அமெரிக்காவில். அங்கே தரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் என்றால் நம் வீட்டு 230-இல் செருகிய நொடியில் புகைந்துவிடும். மேலே 100-240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பெட்டியை மட்டும் எடுத்து வரட்டும். அதன் பின்பக்கம் போட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர், ஏசியா டிசியா என்பதைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். பொருத்தமான அடாப்டரை நம் ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம், எது என்று நான் சொல்கிறேன்.